நாட்டில் இல்லாத நோய்

அன்பு மகளுக்கு,

புல்மோட்டையிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. ராத்தாவின் குழந்தைக்கு ஒன்பது மாதத்தில் சின்னமுத்து ஊசி என்றதும், "நாட்டில் இல்லாத நோய்க்கு ஊசி எதுக்கு?" என்று மூத்தம்மா கேட்டாவாம். நல்ல கேள்வி.

2019 ஜூலையில் இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது உண்மை. நாலு வருஷம் முடியவில்லை, 2023 மே மாதம் கொழும்பில் அது திரும்பவும் தலைகாட்டியது. அகப்பட்டவர்களில் ஊசி தவறிய இளம் வயதினரும் இருந்தார்கள்; ஊசி போடும் வயதுக்கே வராத கைக்குழந்தைகளும் இருந்தார்கள். 2024 ஜனவரியில் ஒன்பது மாவட்டங்களில் ஆறு மாதக் குழந்தைகளுக்கே மேலதிக ஊசி போட வேண்டி வந்தது.

காசநோய் ஊசியான பி.சி.ஜி.யைப் பிறந்தவுடன் போடுகிறார்களே, இதை மட்டும் ஏன் தள்ளுகிறார்கள்? உம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குழந்தையின் இரத்தத்தில் இருக்கும்வரை, ஊசியிலுள்ள பலமிழந்த வைரசையும் அது அழித்துவிடும், ஊசி வீணாகும். ஆனால் பல குழந்தைகளுக்கு அந்தச் சக்தி ஒன்பது மாதத்துக்கு முன்பே கரைந்துவிடுகிறது. உம்மா கொடுத்ததும் இல்லை, ஊசி கொடுப்பதும் இன்னும் வரவில்லை. ராத்தாவின் குழந்தை இப்போது நிற்பது அந்த இடைவெளியில்தான்.

நோயாளி எழுந்து போன பிறகும் அந்த அறைக் காற்றில் இரண்டு மணித்தியாலம் வரை இந்த வைரஸ் உயிரோடிருக்கும். தடிப்பு வருவதற்கு நாலு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடும். கிளினிக் வாங்கில் தாய்மார் நெருக்கியடித்து இருப்பதை நீ பார்த்திருக்கிறாய். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்காவது ஊசி இருந்தால்தான் அது ஊருக்குள் பரவாது. 2023இல் உலகம் முழுவதும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் இதனால் இறந்தார்கள். பெரும்பாலானோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள்.

ஊசிக்காகக் கரைத்த மருந்தை ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது, அதுவும் குளிரில். கிளினிக் நாளை விட்டுவிட்டு மறுநாள் போய் நின்றால் மிட்வைஃப் முகம் சுளிப்பது அதனால்தான். நானும் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

நெரிசல் என்ன செய்யும் என்பதை யுத்தத்திலும் கண்டோம். நீ பிறக்க முன், 2009 மார்ச்சில், முல்லைத்தீவுக் கரையிலிருந்து கப்பலில் வந்த காயக்காரரை நம்மூர் புல்மோட்டையில்தான் இறக்கினார்கள். இந்திய மருத்துவர்கள் அங்கே தற்காலிக ஆஸ்பத்திரி நடத்தினார்கள். குண்டுக்குத் தப்பி வவுனியா முகாம்களுக்குப் போன சனத்தை அங்கே கொப்புளிப்பான் பிடித்தது. கூட்டம் கூடிய இடம் நோய்க்கு வாய்ப்பு.

மூத்தம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டு. பிறகு அலுமாரியில் உன் கிளினிக் கொப்பியைத் தேடி எடுத்து, மூன்று வயதில் இரண்டாவது ஊசி பதிந்திருக்கிறதா என்று பார். இல்லையென்றால் மிட்வைஃபிடம் சொல். உனக்குக் காய்ச்சலும் இருமலுமாகக் கண் சிவந்திருந்தால், குழந்தை எவ்வளவு அழுதாலும் தூக்காதே.

உன் சாச்சி