வெளிச்சுவர்ப் பலகை: இடைவெளி விட்டீங்களா?

ஊட்டிப் பக்கம் நம் உறுப்பினர் ஒருவர் உள்கடன் வாங்கி, சன்னல் ஓரத்துக்கு மறுசுழற்சி பிளாஸ்டிக்கும் மரத்தூளும் கலந்த பலகை போட்டார். ஜனவரி உறைபனிக் காலையில் தச்சர் நெருக்கி அடித்துவிட்டார். வெயில் ஏறியதும் வளைந்து எழும்பிவிட்டது. "கரையான் அரிக்காதுன்னாங்க, இப்படி ஆயிடுச்சே மேடம்!"

பலகை மேல் தப்பில்லை. பிளாஸ்டிக் கலந்தது குளிரில் சுருங்கும், வெயிலில் நீளும். 30 டிகிரி வித்தியாசத்தில் 10 அடிப் பலகை 3, 4 மில்லிமீட்டர் நீளலாம். அதனால் குளிர் நேரத்தில் பொருத்தினால் முனைகளில் இடைவெளி கூடுதலாக விடணும். ஆணி வேண்டாம், திருகைவிடச் சற்றுப் பெரிய துளை போட்டு, துருப்பிடிக்காத ஸ்டீல் திருகுதான் போடணும். துளையில்லாமல் முடுக்கினால் குளிரில் விரிசல் விடும். தச்சர் அவசரப்படுவார், நாம்தான் பக்கத்தில் நிற்கணும். வாங்கும்போதே 'வெளிப்புறத்துக்கு' என்று பில்லில் எழுதி வாங்குங்க.

அவர் பலகையைக் கழற்றி, முனை அறுத்து, மறுபடி பொருத்தினோம். பலகை தப்பியது. கூலிதான் இரண்டு முறை.