பாவித்த நீர் இறைக்கும் இயந்திரம் வாங்கும்போது

இடம்பெயர்வில் கருவிகளை இழந்த கமக்காரக் குடும்பங்கள் மீண்டும் தோட்டம் செய்யத் தொடங்கும்போது, புதிய இயந்திரத்திற்குப் பணம் போதாமல் பாவித்ததையே நாடுகின்றன. "உத்தரவாதம் இருக்கிறது" என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்கினால், இயந்திரம் ஓடும், தண்ணீர் போதாது, மிளகாய்க் கன்று வாடும். ஆகவே சில விடயங்களை அறிந்துகொள்வோம்.

உத்தரவாதம் யாருக்கு?

உத்தரவாதப் பத்திரத்தை வாங்கி வாசியுங்கள். பல கம்பனிகள் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே பொறுப்பேற்கும். வெளியே கழற்றித் திருத்திய இயந்திரத்தை ஏற்கமாட்டா. பத்திரத்திலுள்ள இலக்கமும் இயந்திரத்தில் பொறித்துள்ள இலக்கமும் ஒன்றா, காலம் முடிந்துவிட்டதா எனப் பாருங்கள்.

வாங்குமுன் சோதனை

1. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது நீங்களே இயக்கிப் பாருங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் குறை மறைந்துவிடும்.

2. 200 லீற்றர் பீப்பா ஒன்றை நிரப்பும் நேரத்தைக் கணியுங்கள். 30 செக்கனில் நிரம்பினால் நிமிடத்திற்கு 400 லீற்றர். அரை மணித்தியாலம் ஓடவிட்டு மீண்டும் அளவுங்கள். நேரம் கூடினால் காரணம் கேளுங்கள்.

3. எல்லாக் குறையும் இயந்திரத்தினுடையதல்ல. உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள வால்வு கசிந்தாலும், குழாயில் காற்றுப் புகுந்தாலும் தண்ணீர் குறையும். நீர்மட்டம் ஏறத்தாழ 7 மீற்றருக்குக் கீழே போனால் நல்ல இயந்திரமும் இழுக்கத் திணறும். இவற்றைப் பார்த்தபின்பே விற்றவரிடம் செல்வோம்.

சட்டத்தின் துணை

வியாபாரி விற்கும் பொருள் தரமானதாக இருக்கவேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் கருத்து. ஆனால் சோதித்தபோது நாம் கண்டிருக்கவேண்டிய குறைக்கு அது துணைநில்லாது. வியாபாரியல்லாத அயலவரிடம் வாங்கினால், அவர் தந்த வாக்குறுதியே நமக்குள்ள பிடி. ஆகவே திகதி, விலை, இயந்திர இலக்கம், வாக்குறுதி, இருவர் கையொப்பம் என்பவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வியாபாரி உத்தரவாதத்தை மீறினால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். வாங்கி மூன்று மாதங்களுக்குள் முறையிடவேண்டும். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

நாம் விற்கும்போது

நேர்மையான தராசும் நேர்மையான எடைக்கல்லும் வேண்டுமென லேவியர் நூல் (19:36) கற்பிக்கிறது. நமது பழைய இயந்திரத்தை இன்னொரு ஏழைக் குடும்பத்திற்கு விற்கும்போது அதன் குறையைச் சொல்லி, அதற்கேற்ப விலை கேட்பதும் அந்த நேர்மையே.

கலந்துரையாடுவோம்

1. நமது சங்கத்தில் இயந்திரம் சோதிக்கத் தெரிந்தவர் யார்? வாங்கச் செல்பவருடன் அவர் கூடச் செல்ல முடியுமா?

2. தனித்தனியே பழையதை வாங்குவதா, நான்கு குடும்பங்கள் சேர்ந்து புதியது ஒன்றை வாங்குவதா நமக்கு இலாபம்?