வளைந்த பிரேக் தட்டைச் சரிசெய்வோம்

“அண்ணே, சக்கரம் ஒரு தடவை சுத்துறப்ப ‘சீங்’னு ஒரு சத்தம் வருதே, என்னா செய்ய?” பெருநாள் லீவுக்கு இரத்மலானையிலிருந்து லயத்துக்கு வந்த தம்பி ஒருவரின் கேள்வி இது. மலைச் சைக்கிளை மற்றச் சாமான்களோடு சேர்த்து ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். வழியில் பிரேக் தட்டு அடிபட்டு வளைந்துவிட்டது.

இரத்மலானை கடலோரச் சமநிலம். அங்கே காலி வீதியில் இந்தச் சத்தம் ஒரு தொல்லை மட்டுமே. ஆனால் நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரம். நம்முடைய இறக்கங்களில் பிரேக்தான் உயிர். ஆகவே இதை அசட்டை செய்யாதீர்கள்.

முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

சத்தம் விடாமல் வந்தால், பெரும்பாலும் பிரேக் கட்டைகள் இருக்கும் பிடிப்பான் விலகியிருக்கும். அதன் இரண்டு ஆணிகளையும் சற்றுத் தளர்த்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி இறுக்குங்கள். விட்டு விட்டு, ஒரு சுற்றுக்கு ஒரு தடவை வந்தால் தட்டு வளைந்திருக்கிறது. சக்கரம் சரியாகப் பொருந்தியிருக்கிறதா, தட்டின் ஆணிகள் இறுக்கமா என்பதையும் பாருங்கள்.

செய்யும் முறை

1. ஓடி வந்த உடனே தட்டைத் தொடாதீர்கள், கை வெந்துவிடும். ஆறவிடுங்கள். சுற்றும் தட்டுக்குள் விரலை விடவே கூடாது.

2. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பிரேக்குக்குப் பின்னால் வெள்ளைக் கடதாசியைப் பிடித்து, சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். தட்டு எந்தப் பக்கம் உரசுகிறது என்று தெரியும். அந்த இடத்தைப் பென்சிலால் குறியுங்கள்.

3. ஸ்பேனரின் வாயைச் சுத்தமாகத் துடைத்து, குறித்த இடத்தைப் பிடித்து, உரசும் பக்கத்துக்கு எதிராகக் கொஞ்சமாக வளையுங்கள். ஸ்பேனரை எடுத்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள். இப்படியே பலமுறை செய்யலாம். பொறுமை வேண்டும். சுத்தியலால் அடிக்க வேண்டாம்.

4. கைபட்ட இடங்களை ஸ்பிரிட் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள்.

சத்தம் போகட்டும் என்று சிலர் தேங்காய் எண்ணெய் பூசுவார்கள். ஐயோ, வேண்டாம்! சத்தம் போகும், பிரேக்கும் போய்விடும்.

எப்போது மாற்ற வேண்டும்?

புதிய தட்டு பொதுவாக 1.8 மில்லிமீற்றர் தடிப்பு. பல தட்டுகள் 1.5 மில்லிமீற்றருக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டியவை. அந்த அளவு தட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். வெடிப்பு இருந்தாலும், மடிந்திருந்தாலும் திருத்த நினைக்காமல் மாற்றிவிடுங்கள்.

எண்ணெய்யில் இயங்கும் பிரேக்கானால், சைக்கிளை நிமிர்த்திய பின் கைப்பிடியைப் பலமுறை அழுத்தி, இறுக்கம் வந்த பிறகே ஏறுங்கள். முதலில் சமதரையில் ஓட்டிப் பாருங்கள்.

இறக்கத்தில் பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வந்தால் தட்டு சூடேறி மறுபடியும் வளையும். வேகம் கூடுமுன் இரண்டு பிரேக்கையும் பிடியுங்கள், விடுங்கள், மறுபடி பிடியுங்கள்.

பிள்ளைகளிடம் சைக்கிளைக் கொடுக்குமுன், பெற்றோரே, பிரேக்கை ஒருமுறை நீங்களே அழுத்திப் பாருங்கள்.