கொதிப்பு அன்று, அழுத்தம்

முதலாண்டு மாணவர் ஒருவர் துண்டுச் சீட்டொன்றை நீட்டி, "ஐயா, இது பின்னமா?" என்று வினவினார். சீட்டில் 152/96 என்றிருந்தது. ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிப்டு முடித்துவந்த அவர்தம் தந்தைக்கு மருத்துவ முகாமில் அளித்தது. ஒப்பந்தத் தொழிலாளியான அவர், இவ்வெண் வெளியே தெரிந்தால் வேலை போய்விடுமோ என்றஞ்சிச் சட்டைப் பையிலேயே மறைத்து வைத்திருந்தாராம்.

பின்னம் அன்று; இரண்டும் தனித்தனி எண்கள். இதயம் சுருங்கிக் குருதியைத் தள்ளுங்கால் தமனிச் சுவரில் உண்டாகும் அழுத்தம் மேல் எண். அடுத்த துடிப்புக்குமுன் இதயம் விரிந்து ஓய்கையில் எஞ்சி நிற்பது கீழ் எண். அளவு பாதரச மில்லிமீட்டரில். பாதரசம் தண்ணீரைவிட ஏறத்தாழப் பதின்மூன்றரை மடங்கு அடர்த்தி உடையது. ஆகவே 120 என்பது தண்ணீர்க் கணக்கில் 1.6 மீட்டர், ஓர் ஆள் உயரம்! ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் குதிரையின் தமனியில் குழாய் பொருத்தி, குருதி எட்டடிக்கு மேல் எழுந்ததைக் கண்டு 1733இல் நூலாக வெளியிட்டார். 1896இல் இத்தாலிய மருத்துவர் ரீவா ரோச்சி கையில் சுற்றும் காற்றுப்பட்டையை அமைத்தார். அப்பட்டைக்குக் கீழே ஒலி கேட்டு இரு எண்களையும் அறியும் முறையை 1905இல் உருசியாவின் கொரோட்காவ் உரைத்தார்.

மக்கள் வழக்கிலுள்ள 'இரத்தக் கொதிப்பு' என்னும் சொல்லோடு தமிழாசிரியன் என்ற முறையில் எனக்குப் பிணக்கு உண்டு. கொதிப்பென்றால் சினமும் படபடப்பும் தோன்றும் எனக் கருதி, அவை இல்லாதபோது மாத்திரையை நிறுத்திவிடுவோர் பலர். உண்மையில் பெரும்பாலோர்க்கு இஃது எவ்வறிகுறியும் காட்டுவதில்லை. முதன்முதலாகத் தெரியவருவதே பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ இருத்தல் கூடும்.

எனினும் ஒருநாள் எண் தீர்ப்பாகாது. அத்தந்தை இரவெல்லாம் விழித்து, தேநீர் அருந்தி, பேருந்தினின்று இறங்கியவுடன் வரிசையில் நின்று, பேசிக்கொண்டே கையை நீட்டியிருக்கிறார். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதய மட்டத்தில் மேசைமீது வைத்து, பேசாது அமர்ந்தபின் அளத்தல் வேண்டும். அதற்கு முந்தைய அரைமணியில் தேநீரும் புகையும் ஆகா. சிறுநீரை அடக்கியிருந்தாலும், பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினாலும் எண் பொய்யாக உயரும்.

120/80க்குக் குறைவு இயல்பு. வெவ்வேறு நாட்களில் முறையாக அளந்தும் மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, இரண்டில் ஒன்று எட்டினாலும் அது உயர் அழுத்தம். 180/120ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பேச்சுக் குழறலோ சேர்ந்தால் அந்நொடியே மருத்துவமனைக்கு விரைக.

மாணவரின் வற்புறுத்தலால் தந்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருநாள் அளந்தார்: 146/92, 144/94. உப்பைக் குறைக்கச் சொல்லி மாத்திரையும் தொடங்கினர். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இத்தகைய மாத்திரைகளை வீட்டுக்கே கொணர்ந்து தருவதற்கென அமைந்தது. வாரந்தோறும் ஷிப்டு மாறுகிறதே, எப்போது விழுங்குவது என்று அவர் கேட்டாராம். இரவுப் பணியாயினும் பகற்பணியாயினும் வீட்டில் விழித்திருக்கும் ஒரே மணியைத் தேர்ந்து, நாள்தோறும் அதே மணிக்கு என்றார் மருத்துவர். மாலை ஆறு மணி என்று முடிவாயிற்று.