ஃபெர்மாவை வென்ற 641

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (கணிதம்)

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், ஒன்றைவிடப் பெரிய எண்ணைப் பகா எண் என்கிறோம். 2, 3, 5, 7, 11 என்று செல்லும் இவ்வெண்களைத் தவறாமல் தரும் வாய்பாடு ஒன்று கிடைக்காதா என்பது கணித அறிஞர்களின் நெடுநாளைய ஏக்கம். பிரான்சு நாட்டில் நீதிமன்றப் பதவி வகித்துக்கொண்டே கணிதத்தில் ஆழ்ந்த ஃபெர்மா, 1640-இல் அப்படி ஒன்றைக் கண்டுவிட்டதாக நம்பினார்.

அவர் எடுத்துக்கொண்ட எண்கள் இவை:

2¹ + 1 = 3
2² + 1 = 5
2⁴ + 1 = 17
2⁸ + 1 = 257
2¹⁶ + 1 = 65,537

ஐந்தும் பகா எண்களே! அடுத்து வருவது 2³² + 1. அதாவது 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 297. இதுவும், இதற்குப் பின் வருவனவும் பகா எண்களே என்று ஃபெர்மா கருதினார். தம்மிடம் நிரூபணம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

1729-இல் கோல்ட்பாக் என்பவர் இக்கூற்றை இளைஞராயிருந்த ஆய்லரின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். 1732-இல் ஆய்லர் விடை கூறினார்:

4,29,49,67,297 = 641 × 67,00,417

ஃபெர்மாவின் கருத்து வீழ்ந்தது.

இவ்வெண்ணை நேர்வழியில் சோதிப்பதானால், 65,536-க்குக் கீழுள்ள 6,542 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டிவரலாம். ஆனால் ஆய்லர் நிறுவிய விதி ஒன்று உண்டு. இவ்வெண்ணின் ஒவ்வொரு பகாக் காரணியும் 64-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகவே இருக்கும். அத்தகைய பகா எண்கள் வரிசையாக 193, 257, 449, 577, 641. ஐந்தாம் வகுத்தலிலேயே விடை கிடைத்துவிடுகிறது!

வகுக்காமலும் இதைக் காட்டலாம். 641 = 5 × 2⁷ + 1. ஆகவே 5 × 2⁷ என்பதை 641-ஆல் வகுக்கும்போது மீதியை −1 எனக் கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸ என்பதன் மீதி 1. மேலும் 641 = 625 + 16 = 5⁴ + 2⁴. எனவே 5⁴-க்குப் பதிலாக −2⁴ என இடலாம். அப்போது −2³²-இன் மீதி 1 ஆகிறது. அதாவது, 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது.

ஃபெர்மாவின் எண்கள் வீணாகிவிடவில்லை. 17 சம பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டே வரையலாம் என்று 1796-இல் காஸ் கண்டபோது, அவ்வெண்கள் புதுவாழ்வு பெற்றன. எனினும் 65,537-க்குப் பிறகு இவ்வரிசையில் ஒரு பகா எண்கூட இன்றுவரை அகப்படவில்லை. 2³² + 1 முதல் தொடர்ச்சியாக 28 எண்கள் பகு எண்கள் என்று உறுதியாகியிருக்கிறது.

நம்மில் பலருடைய வீட்டிற்குள் முதன்முதலாக நுழைந்த கணித நூல், நாம் வாங்கிச் சென்றதுதான். அதனாலேயே அச்சில் கண்டதையெல்லாம் அப்படியே மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஐந்து முறை சரியாக வந்தது ஆறாம் முறையும் வரும் என்பதைக் கணிதம் ஏற்பதில்லை. சொன்னவர் ஃபெர்மாவே ஆனாலும் நிரூபணம் கேட்கிறது. தோழர்களே, அடுத்த தேற்றத்தைப் படிக்கும்போது தாளும் பென்சிலும் அருகில் இருக்கட்டும்!