மினி டிராக்டர் பராமரிப்பு: எதுவரை நாமே பார்க்கலாம்?

கேள்வி: மினி டிராக்டர் பராமரிப்பில் மெக்கானிக் இல்லாமல் எவற்றைச் செய்யலாம்?

பதில்: எஞ்சின் ஆயில், ஏர் கிளீனர், ரேடியேட்டர் தண்ணீர், கிரீஸ் ஆகியவற்றை உரிமையாளரே கவனிக்கலாம். ஆயில் அளவைச் சமதளத்தில், எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்தே பார்க்க வேண்டும். உடனே பார்த்தால் குறைவாகக் காட்டும். பலரும் கவனிக்காமல் விடுவது ஏர் கிளீனரைத்தான். புழுதி உழவின்போது அடியில் ஆயில் கிண்ணம் உள்ள ஆயில் பாத் வகை ஏர் கிளீனரைத் தினமும் கழற்றிப் பார்ப்பது நல்லது. கிண்ணத்தின் அடியில் சேறு படிந்திருந்தால் பழைய ஆயிலை வடித்து, கிண்ணத்தை டீசலில் கழுவித் துடைத்து, குறியிட்ட கோடுவரை மட்டும் புது எஞ்சின் ஆயில் ஊற்ற வேண்டும். கோட்டைத் தாண்டினால் எஞ்சின் அந்த ஆயிலையே உறிஞ்சிவிடும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது. கிரீஸ் நிப்பிளைத் துடைத்த பிறகே கிரீஸ் அடிக்க வேண்டும். இல்லையேல் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும். டீசல் பம்பு, ஹைட்ராலிக் கோளாறுகள் பட்டறை வேலை.