கிணற்று நீரைத் தரம் பார்த்தேன்

அவிநாசியில் நாங்கள் குடிப்பது வீட்டுக் கிணற்று நீரே. அதன் காரத்தன்மையை அறிய விழைந்தேன்.

சோடியம் கார்பனேட்டால் தரப்படுத்திய 0.02 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பியூரெட்டில் நிரப்பினேன். பிப்பெட்டால் 20 மி.லி. கிணற்று நீரைக் கூம்புக் குடுவையில் எடுத்து, இரு துளி மெத்தில் ஆரஞ்சு இட்டேன். மஞ்சள் நிறம் இளஞ்சிவப்பாக மாறியபோது 8.6 மி.லி. அமிலம் செலவாகியிருந்தது.

தவறு எனதே. குடுவையையும் கிணற்று நீரால் அலசியிருந்தேன். ஒட்டி நின்ற நீர் அளவைக் கூட்டிவிட்டது. பியூரெட், பிப்பெட் இரண்டையும் அவற்றில் எடுக்கும் கரைசலால் அலச வேண்டும். குடுவையைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டுமே. அவ்வாறு செய்ததும் இருமுறையும் 8.0 மி.லி. வந்தது.

நார்மாலிட்டி = 8.0 × 0.02 ÷ 20 = 0.008

கால்சியம் கார்பனேட்டின் சமான எடை 50. ஆகவே காரத்தன்மை லிட்டருக்கு 400 மி.கி. முதல் அளவீட்டின்படி 430 என்றிருப்பேன்! இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 200 வரை ஏற்புடையது. வேறு நீர் இல்லையெனில் 600 வரை கொள்ளலாம்.

வேறு கிணறில்லாத எங்களுக்கு இது ஆறுதலே.